ஸ்கூல் சாப்பாட்டு மீன் எந்தக் கடலில் பிடித்தது?

ஒரு வாசகரின் கேள்வி, செப்டம்பர் 6, 2025

"அக்கா, என் மகள் நியூஜெர்சியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கூலில் வாரம் ஒருநாள் ஃபிஷ் ஸ்டிக் தருகிறார்கள். விரும்பிச் சாப்பிடுகிறாள். அது ரஷ்யாவில் பிடித்துச் சீனாவில் வெட்டிய மீன் என்று ஒரு தோழி சொல்கிறாள். அரசாங்கப் பணத்தில் வாங்குவது அமெரிக்க மீனாகத்தான் இருக்க வேண்டும், சட்டமே அப்படித்தான் என்று இன்னொருத்தி சொல்கிறாள். ரெண்டில் எது உண்மை?"

செப்டம்பர் 7

ரெண்டுமே உண்மையாக இருந்த காலம் உண்டு. சட்டமும் இருந்தது, அந்த மீனும் வந்துகொண்டிருந்தது.

நான் பாஸ்டனுக்குத் தெற்கே ஒரு பள்ளி மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன். 2014-இல் பிள்ளைகளுக்குத் தட்டில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தேன். 2017-இலிருந்து சமையல்கூட ஆபீசில் சரக்கு ஆர்டர் போடுவது, பில் சரிபார்ப்பது, சப்ளையர் அனுப்பும் கடிதங்களை ஃபைலில் போடுவது எல்லாம் என் பொறுப்பு. அதனால் இதைக் காகிதத்திலும் பார்த்திருக்கிறேன், ஃப்ரீசருக்குள்ளும் பார்த்திருக்கிறேன்.

பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946-இல் வந்தது. உள்நாட்டுப் பொருளை வாங்கு என்ற விதி அதில் 1998-இல்தான் சேர்ந்தது. இங்கே எல்லோரும் அதை ‘பை அமெரிக்கன்’ என்பார்கள். முடிந்த மட்டும் உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். பதப்படுத்திய உணவு என்றால் அமெரிக்காவில் பதப்படுத்தியிருக்க வேண்டும், அதில் 51 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவில் விளைந்த பொருளாக இருக்க வேண்டும்.

விளைந்த பொருள்! கோதுமைக்கும் ஆப்பிளுக்கும் இது சரி. கடலில் திரிகிற மீனுக்கு எது விளைந்த இடம்? இந்தக் கேள்விக்குச் சட்டம் 2018 வரை தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அந்த வருடம் டிசம்பர் 20-இல் வந்த விவசாயச் சட்டம்தான் மீனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பிறகு 2024 ஏப்ரலில் வேளாண்துறை அதை விதிப் புத்தகத்திலேயே ஏற்றியது. வளர்ப்பு மீன் என்றால் அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோ வளர்த்து எடுத்ததாக இருக்க வேண்டும். கடல் மீன் என்றால் அமெரிக்காவுக்கு உரிமையுள்ள 200 கடல் மைல் எல்லைக்குள் பிடித்ததாகவோ, அமெரிக்கக் கொடி கட்டிய படகு பிடித்ததாகவோ இருக்க வேண்டும்.

எங்கள் ஆச்சி தூத்துக்குடியில் மீன்காரம்மாவிடம் விலை கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வியே "எந்தப் படகு, எப்போ கரையேறுச்சு?" என்பதுதான். சட்டம் அந்தக் கேள்விக்கு வந்து சேர இருபது வருடம் ஆகியிருக்கிறது.

செப்டம்பர் 7, இரவு

ஒரு திருத்தம். விதி எல்லா மாநிலத்துக்கும் என்பதுபோல் எழுதிவிட்டேன். ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களுக்குத்தான் இது பொருந்தும். ஹவாய், போர்ட்டோ ரிக்கோ ரெண்டும் தங்கள் மண்ணில் போதுமான அளவு விளைவதை வாங்க வேண்டும். அலாஸ்காவுக்கு விதிவிலக்கு. நாட்டிலேயே அதிகமாக மீன் பிடிக்கும் மாநிலத்துப் பள்ளிகளை இந்த விதி கட்டுப்படுத்தாது.

செப்டம்பர் 9

ஒரு மீன் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். காரணம் அதுதான்.

2019 வசந்த காலம். ஃப்ரீசருக்குள் மாதாந்தர இருப்பு எண்ணிக்கொண்டிருந்தேன். மாவு பூசிய பொலாக் மீன் துண்டுகள், பத்து பவுண்டு பெட்டிகள், சுவரோரம் அடுக்கியிருந்தது. ரெண்டு வருடமாக அதே சரக்கைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். பெட்டியின் முன்பக்கம் நீல அலை, ஒரு படகு, கீழே விநியோகஸ்தரின் அமெரிக்க முகவரி. சப்ளையர் கொடுத்த ஒரு பக்கக் கடிதமும் ஃபைலில் இருந்தது. "எங்கள் பொருள்கள் பை அமெரிக்கன் விதிக்கு உட்பட்டவை" என்று ஒரே ஒரு வரி.

அன்று ஒரு பெட்டி கோணலாக இருந்தது. நேராக்கித் தள்ளும்போது கை பட்ட இடத்தில் பனி உதிர்ந்தது. குறுகலான பக்கத்தில், லாட் எண்ணுக்குப் பக்கத்தில், புள்ளிப்புள்ளியாக அச்சடித்த சாம்பல் எழுத்து தெரிந்தது. கையுறைக் கட்டைவிரலால் பனியைத் துடைத்தேன். ‘சீனத் தயாரிப்பு’.

அந்தக் குளிரில் அப்படியே நின்றேன். அதற்கு ரெண்டு வாரம் முன்னால்தான் ஒரு அம்மா போன் செய்து, மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தார். கடிதத்தை நம்பி "நம்ம ஊர் மீன்தாங்க, அலாஸ்கா" என்று சொல்லியிருந்தேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னது பொய். தெரிந்து சொல்லவில்லை, ஆனால் பார்க்காமல் சொன்னேன். மறுநாளே அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

செப்டம்பர் 10

"அந்த சப்ளையர் பெயரைச் சொல்லுங்கள்" என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்லப்போவதில்லை. அந்தக் கடிதத்தைக் கேள்வி கேட்காமல் ஃபைலில் வைத்தது எங்கள் ஆபீஸ். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

செப்டம்பர் 14

சீனத் தயாரிப்பு என்றால் சீனக் கடல் மீன் என்று பொருளில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ரொம்ப நாள் ஆனது.

பொலாக் வட பசிபிக் மீன். பெரிங் கடலின் ஒரு பக்கம் அலாஸ்கா, இன்னொரு பக்கம் ரஷ்யா. ரெண்டு பக்கமும் ஒரே இனம்தான். ரஷ்யப் பக்கம் பிடித்ததில் பெரும்பங்கைத் தலையும் குடலும் நீக்கிக் கப்பலிலேயே உறையவைத்து, சீனாவின் தாலியன், சிங்டாவ் மாதிரி துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே உருக்கி, கையால் முள் நீக்கி, துண்டு போட்டு, மறுபடி உறையவைத்தார்கள். பெரும் பலகை மாதிரி வரும் அந்தக் கட்டியை ரம்பத்தால் அறுத்து, மாவு பூசினால் ஃபிஷ் ஸ்டிக். எங்கள் பள்ளியில் ஒரு முதல் வகுப்புப் பையன் என்னிடம் "இந்த மீனுக்கு ஏன் மூலை இருக்கு?" என்று கேட்டான். அந்த ரம்பம்தான் காரணம்.

இதைவிட வேடிக்கை, ரஷ்யப் பக்கம் பிடித்ததையும் ‘அலாஸ்கா பொலாக்’ என்றே விற்க முடிந்தது. அந்த இனத்தின் வணிகப் பெயரே அதுதான். 2015 கடைசியில் நாடாளுமன்றம் இதை மாற்றியது. 2016 ஜனவரியில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெயர்ப் பட்டியலைத் திருத்தியது. அதன் பிறகு அலாஸ்காவில் பிடித்தால்தான் அலாஸ்கா பொலாக், மற்றதெல்லாம் வெறும் பொலாக். அந்த அம்மாவிடம் நான் சொன்ன ‘அலாஸ்கா’ கூட இந்தப் பழைய பெயர்ப் பழக்கத்தில் வாயில் வந்ததுதான்.

சமையல்காரருக்கு வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். பூச்சு இல்லாத வெறும் துண்டு இரண்டு வகையிலும் ஒருமுறை வைத்துப் பார்த்தோம். ஒரே அடுப்பு, ஒரே சூடு, தனித்தனித் தட்டு. ரெண்டு முறை உறைந்த மீன் வைத்த தட்டில் தண்ணீர் கட்டி நின்றது, ஓரமெல்லாம் வெள்ளை நுரை. துண்டு சுருங்கி, மென்றால் ரப்பர் மாதிரி இருந்தது. ஒருமுறை மட்டும் உறைந்த மீன் ஏடு ஏடாகப் பிரிந்தது. இரண்டாவது முறை உறையவைப்பதற்குள் தண்ணீர் பிடித்துவைக்க பாஸ்ஃபேட் சேர்ப்பதும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய எடையில் ஒரு பகுதி அந்தத் தட்டில் தேங்கி நின்றதை நான் பார்த்தேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் ரஷ்ய மீனுக்கு அமெரிக்கா தடை போட்டது. சீனா வழியாக வந்தது மட்டும் தப்பியது, காரணம் அங்கே வெட்டியதும் ‘சீனப் பொருள்’ ஆகிவிடும். 2023 டிசம்பரில் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். பொலாக், காட், சால்மன், நண்டு நான்கையும் ரஷ்யக் கடலில் பிடித்திருந்தால் எங்கே வெட்டினாலும் வரக்கூடாது.

அதே 2023 அக்டோபரில், சீன மீன் ஆலைகளில் உய்குர் சிறுபான்மை மக்களைக் கட்டாயமாக வேலை வாங்குவது பற்றி ஒரு பெரிய புலனாய்வு வெளியானது. அந்தச் சரக்கு அமெரிக்கப் பள்ளிகள், ராணுவ முகாம்கள் வரை வந்ததாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்கு அந்தச் சாம்பல் எழுத்துதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 15

"அப்போ என் மகளை மீன் சாப்பிட வேண்டாம் என்று சொல்லட்டுமா?" என்று முதலில் கேட்ட தங்கை மறுபடி எழுதியிருக்கிறாள். வேண்டாம்மா. சாப்பிடட்டும். மீன் பிடித்திருக்கிறது என்று சொல்லும் பிள்ளையை நிறுத்தாதே. உன் மாவட்டத்து உணவு ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல் போடு. "இந்த வருட மீன் எந்தக் கடலில் பிடித்தது, எங்கே வெட்டியது?" இந்த ரெண்டு கேள்வி போதும். பெற்றோர் கேட்டால்தான் ஆபீஸ் சப்ளையரைக் கேட்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

செப்டம்பர் 21

பள்ளிக்கு மீன் வருவதற்கு ரெண்டு வழி இருக்கிறது. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று, வேளாண்துறையே நேரடியாக வாங்கிப் பள்ளிகளுக்கும் உணவு வங்கிகளுக்கும் தருவது. அலாஸ்கா பொலாக், டின்னில் அடைத்த பிங்க் சால்மன், கெளுத்தி, அட்லாண்டிக் ஹாடக், மெக்சிகோ வளைகுடா இறால் என்று பல வருடங்களாக வாங்கியிருக்கிறார்கள். இதற்குப் பணம் பெரும்பாலும் 1935-ஆம் வருடச் சட்டத்தின் 32-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. சுங்க வரி வருமானத்தில் 30 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்கும் பிரிவு அது. இறக்குமதிக்கு வாங்கும் வரியிலிருந்து உள்நாட்டு மீனவர் மீனை வாங்குகிறார்கள், எனக்குப் பிடித்த ஏற்பாடு. இந்த வழியில் வரும் மீன் முழுக்க உள்நாட்டுச் சரக்குதான், அதில் குழப்பமே இல்லை.

இரண்டாவது வழி, மாவட்டம் தன் பணத்தில் வியாபாரிகளிடம் வாங்குவது. என் பெட்டி இந்த வழியில் வந்தது. முதல் வழியில் ஒரு சாப்பாட்டுக்கு எங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அரை டாலருக்கும் குறைவு. அதைச் சீஸ், கோழி, மாட்டிறைச்சி எல்லாம் தின்றுவிடும். மீனுக்கு மிச்சம் வருவது அபூர்வம்.

டூனா பற்றிக் கேட்டவருக்கு: நம்ம ஊர்ச் சூரைதான் டூனா. ஜார்ஜியாவில் லயன்ஸ் என்ற ஊரில் டின் அடைக்கிற ஆலை இருக்கிறது. அங்கே அடைத்தால் அமெரிக்கச் சரக்கு, எனவே பள்ளிக்கு வாங்கலாம்.

செப்டம்பர் 22

நேற்று கடைசியில் எழுதியது தப்பு. ஒரு தம்பி சுட்டிக்காட்டினார், உடனே போய்ச் சரிபார்த்தேன்.

டின் அடைத்த ஊர் போதாது, பிடித்த படகும் வேண்டும். 2009-இல் ஒரு பெரிய கம்பெனி அமெரிக்க சமோவாவில், பாகோ பாகோ துறைமுகத்தில் இருந்த ஆலையை மூடிவிட்டு லயன்ஸுக்கு வந்தது. வெளிநாட்டில் சுத்தம் செய்து உறையவைத்து வரும் சதைத்துண்டை இங்கே டின்னில் போடுவது அந்த ஏற்பாடு. அமெரிக்க மண்ணில் அடைத்த டின் என்பது சரி, ஆனால் அந்தச் சதை வெளிநாட்டுப் படகு பிடித்ததென்றால் பள்ளி விதிக்கு அது உள்நாட்டு மீன் இல்லை.

பாகோ பாகோவில் இன்னொரு பெரிய ஆலை இன்றும் நடக்கிறது. ஸ்டார்கிஸ்ட். அமெரிக்கக் கொடிக் கப்பல்கள் பசிபிக்கில் சுருக்குவலை போட்டுப் பிடிக்கும் சூரை அங்கே வருகிறது. அமெரிக்க ஆட்சிப் பகுதி என்பதால் உள்நாட்டுச் சரக்குதான். கம்பெனியின் சொந்தக்காரர் 2008-இலிருந்து ஒரு கொரிய நிறுவனம். விதி முதலாளி யார் என்று கேட்கவில்லை, கொடி எது என்று மட்டும் கேட்கிறது. இது சரியா என்று ரெண்டு நாள் யோசித்தேன். சரி என்றுதான் தோன்றுகிறது. முதலாளி மாறிக்கொண்டே இருப்பார். கொடி இருந்தால் அந்தக் கப்பல் மீது சட்டம் செல்லும், கப்பலில் வேலை செய்பவனுக்கும் ஒரு கோர்ட் இருக்கும்.

அக்டோபர் 3

இந்த வருடம் எங்கள் ஆபீசில் எல்லோரும் பேசுவது பத்து சதவீதம் பற்றித்தான்.

முன்பெல்லாம் உள்நாட்டுப் பொருள் கிடைக்கவில்லை, அல்லது விலை ரொம்பக் கூடுதல் என்று காகிதத்தில் எழுதி வைத்தால் வெளிநாட்டுப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு என்று கணக்கில்லை. 2024 விதி அதற்கு ஒரு மேல்வரம்பு வைத்தது. இந்தக் கல்வி ஆண்டிலிருந்து, மாவட்டம் வெளியில் வாங்கும் மொத்த உணவுச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுப் பொருள் இருக்கக் கூடாது. 2028-29இல் 8, 2031-32இல் 5.

விதி வந்தபோது சந்தோஷப்பட்டேன். இப்போது கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், வாழைப்பழம் அந்தப் பத்துக்குள் வருகிறது. அமெரிக்காவில் போதுமான அளவு கிடைக்காத பொருள் என்று மத்திய அரசே பட்டியல் வைத்திருக்கிறது, வாழைப்பழம் அதில் உண்டு. அதனால் விளக்கக் காகிதம் வேண்டாம், ஆனால் கணக்கில் சேரும். காலை உணவில் பிள்ளைகள் தொடும் ஒரே பழம் அதுதான். அன்னாசி, டின் ஆரஞ்சு எல்லாம் சேர்ந்தால் பத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. மீனுக்கு இடமே இல்லை.

ஆக ஒரு மாவட்டம் என்ன செய்யும்? உள்நாட்டு மீனுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். அல்லது மீனையே மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் கோழி நக்கெட் போடலாம். இலவசச் சாப்பாட்டுக்கு அரசு தருவது நாலரை டாலருக்குச் சற்று முன்பின். அதற்குள் பால், பழம், சம்பளம், கரண்ட், எல்லாம். பக்கத்து மாவட்டத்தில் இந்த வருடம் மீன் நாள் இல்லை. எனக்குப் பயம் இதுதான். உள்நாட்டு மீனை வளர்க்க வந்த விதி, தட்டிலிருந்து மீனையே எடுத்துவிடக் கூடாது.

அக்டோபர் 4

"அப்போ விதி கெட்டதா?" இல்லை, நல்ல விதி. பழத்தையும் மீனையும் ஒரே பையில் போட்டதுதான் பிழை. மீனுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அக்டோபர் 12

அமெரிக்கா சாப்பிடும் மீனில் 85 சதவீதம் இறக்குமதி, உள்நாட்டில் இல்லவே இல்லை, அப்புறம் விதி போட்டு என்ன பயன் என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் ரொம்ப நாள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். பயிற்சி வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த எண்ணில் ஒரு கோளாறு உண்டு. இங்கே பிடித்து, சீனாவுக்குப் போய் வெட்டுப்பட்டுத் திரும்பி வரும் நம் மீனையும் இறக்குமதி என்றே எண்ணிவிடுகிறார்கள். 2019-இல் மூன்று ஆய்வாளர்கள் அதைக் கழித்துக் கணக்குப் போட்டார்கள், 62 முதல் 65 சதவீதம் என்று வந்தது. குறைவு இல்லைதான், ஆனால் 85-உம் இல்லை. பொலாக் மட்டும் எடுத்தால் பெரிங் கடலில் 2024-க்கு அனுமதித்த அளவே 13 லட்சம் டன். மீன் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. வெட்ட இங்கே கை இல்லை, அந்தக் கையின் கூலி இங்கே அதிகம், அதுதான் விஷயம்.

அக்டோபர் 13

பாசா மீன் பற்றிய கேள்விகளுக்கு ஒரே பதில். வியட்நாமில் இருந்து வரும் பாசாவும் கெளுத்தி வகைதான். ஆனால் 2002-இலிருந்து அமெரிக்காவில் அதைக் ‘கேட்ஃபிஷ்’ என்று எழுதி விற்க முடியாது. மிசிசிப்பி, அலபாமா குளங்களில் வளரும் அமெரிக்க இனத்துக்கு மட்டுமே அந்தப் பெயர். பள்ளியில் கேட்ஃபிஷ் போட்டால் அது பெரும்பாலும் அந்தக் குளத்து மீன்தான். பொலாக்குக்கு இல்லாத அதிர்ஷ்டம் கெளுத்திக்கு.

அக்டோபர் 19

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. கொஞ்சம் விலகிப் போகிறேன்.

இங்கிருந்து வண்டியில் போகிற தூரத்தில் குளூஸ்டர் இருக்கிறது, நானூறு வருட மீன்பிடி ஊர். 1953-இல் ஃபிஷ் ஸ்டிக் கடைக்கு வந்த கதையில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு. இன்றும் மாவு பூசும் ஆலை ஓடுகிறது. ஆனால் உள்ளூர் காட் மீன் அருகிவிட்டது. 2013-இல் மெய்ன் வளைகுடாவில் காட் பிடிக்கும் அளவை 77 சதவீதம் குறைத்தார்கள். ஆலைக்கு வருவது தூரத்து மீன்.

அலாஸ்காவின் டச்சு ஹார்பரிலிருந்து நியூ இங்கிலாந்துக்குப் பொலாக் எப்படி வரும் தெரியுமா? அமெரிக்கத் துறைமுகம் ரெண்டுக்கு இடையே சரக்கு ஏற்ற அமெரிக்கக் கப்பல்தான் வேண்டும் என்று 1920-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்தக் கப்பல் வாடகை அதிகம். எனவே வெளிநாட்டுக் கப்பலில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாகக் கனடாவின் பேசைட் துறைமுகத்தில் இறக்கி, லாரியில் மெய்ன் மாநிலத்துக்குள் கொண்டுவந்தார்கள். கனடா ரயிலில் போனால் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. அதற்காகவே அங்கே ஒரு குட்டித் தண்டவாளம் போட்டு, மீன் லாரியைப் பெட்டியில் ஏற்றிக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் ஓட்டி இறக்கினார்கள். 2021-இல் சுங்கத்துறை 35 கோடி டாலர் வரை அபராத நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு நடந்து பிறகு சிறு தொகையில் சமரசமானது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளி விதிப்படி அந்த மீன் சுத்தமான உள்நாட்டு மீன். அமெரிக்க எல்லைக்குள் அமெரிக்கப் படகு பிடித்தது. ஆனால் தட்டுக்கு வருவதற்குள் ரெண்டு பெருங்கடலைப் பார்த்துவிடுகிறது. எங்கள் துறைமுகத்தில் ஹாடக் ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது!

நவம்பர் 2

ராணுவத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, தங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இப்படிக் குழப்பம் இல்லை என்று எழுதியிருக்கிறார். விதியைப் பொறுத்தவரை உண்மை. ராணுவத்துக்கான விதி பழையது, கெட்டியானது. கடல் மீன் என்றால் அமெரிக்கக் கொடிப் படகு பிடித்திருக்க வேண்டும். பதப்படுத்துவதும் அமெரிக்க மண்ணிலோ அமெரிக்கக் கொடிக் கப்பலிலோ நடக்க வேண்டும்.

சிப்பாய்க்கு ஒரு விதி, ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘முடிந்த மட்டும்’. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் ராணுவத்துக்கு ஒரே பெரிய கொள்முதல் ஆபீஸ் இருக்கிறது. படித்துப் பார்க்க வக்கீல் உண்டு. பள்ளிகளில் ஆயிரக்கணக்கான மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒருத்தி. அரிசி, பால், பேப்பர் தட்டு எல்லாம் பார்த்த பிறகு மிச்ச நேரத்தில் மீன் பெட்டியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இத்தனை நாள் சுற்றிச்சுற்றி அங்கேயே வருகிறேன். பிடித்த இடத்தைப் பெட்டியின் மேல் எழுத வேண்டும். பெரிய எழுத்தில்.

மளிகைக் கடையில் வெறும் மீனை வாங்கினால் நாட்டின் பெயர் எழுதியிருப்பார்கள், 2005-இலிருந்து அது கட்டாயம். மாவு பூசிவிட்டால் அந்தக் கட்டாயம் போய்விடும். பள்ளி, ஓட்டல் சமையல்கூடங்களுக்கு அது கிடையவே கிடையாது. பள்ளி மீனுக்குப் பெட்டியில் ஒரு ஊட்டச்சத்து முத்திரை இருக்கும், ஒரு துண்டு எத்தனை அவுன்ஸ் புரதத்துக்குச் சமம் என்று சொல்லும். எந்தக் கடல் என்று சொல்லாது. பிள்ளை தினமும் சாப்பிடும் இடத்தில்தான் எழுத்தே இல்லை.

நவம்பர் 10

அலாஸ்காவில் சிட்கா என்ற ஊரைப் பற்றி ஒருவர் நினைவுபடுத்தினார். அங்கே 2010-இலிருந்து மீனவர்கள் தங்கள் பிடியில் ஒரு பங்கைப் பள்ளிக்குத் தருகிறார்கள், பிள்ளைகளுக்கு உள்ளூர் மீன் கிடைக்கிறது. விதி கட்டுப்படுத்தாத மாநிலம், இருந்தும் அவர்களே செய்தார்கள். எங்களால் இலவசமாகக் கேட்க முடியாது, இங்கே மீனவர் நிலைமையும் அப்படி. ஆனால் 2024 ஜூலையிலிருந்து விலைப்புள்ளி கேட்கும்போதே ‘உள்ளூர்ப் பொருள் மட்டும்’ என்று நிபந்தனை போட அனுமதி உண்டு. முன்பு முன்னுரிமை மட்டும்தான் தர முடியும். இந்த அனுமதியைப் பயன்படுத்திப் பார்க்கப் போகிறேன்.

நவம்பர் 23

அடுத்த அரையாண்டு மீனுக்கு விலைப்புள்ளி கேட்டு அனுப்பிவிட்டோம். பாதி அலாஸ்கா பொலாக், பாதி உள்ளூர் ஹாடக். மேலதிகாரியிடம் கேட்டு ஒரு வரி சேர்த்தேன்: "பிடித்த கடல் பகுதி, படகின் கொடி, துண்டு போட்ட ஊர், இந்த மூன்றும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். கடிதம் ஏற்கப்படாது."

கடைசி ரெண்டு வார்த்தையை எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. கொஞ்சம் பேசினோம். அவரும் ஃப்ரீசருக்கு வந்து பழைய பெட்டிகளைப் பார்த்தார், பிறகு சரி என்றார்.

டிசம்பர் 11

மூன்று பேரிடம் கேட்டிருந்தோம். ஒருவர் அச்சிட முடியாது என்று விலகிக்கொண்டார். ஒருவர் அச்சிடலாம், ஒரு பரிமாறலுக்குச் சில சென்ட் கூடும் என்றார். மூன்றாமவர் உள்ளூர்க்காரர். பெட்டியில் பெயரே போடுவதில்லையாம், ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்றார். இரண்டாமவருக்குப் பொலாக், மூன்றாமவருக்கு ஹாடக். கூடுதல் செலவுக்காக மாதம் நாலு மீன் நாளை மூன்றாக்கினோம். அது எனக்கு வருத்தம்தான்.

இன்று காலை முதல் ஹாடக் வந்தது. ஸ்டிக்கரில் கையெழுத்து. மெய்ன் வளைகுடா, அமெரிக்கக் கொடி, அடுத்த வரியில் துண்டு போட்ட ஊர். அதன் கீழே யாரும் கேட்காமலே படகின் பெயரும் கரையேறிய தேதியும் எழுதியிருந்தார். நான் அதை போட்டோ எடுத்து, 2019-இல் போன் செய்த அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மீன் சாப்பிடுவதை விட்டு ரொம்ப நாளாகிறது என்று பதில் வந்தது.